மும்பை டூர்: குழந்தைகள், பாட்டியோடு உட்கார்ந்து சாப்பிட நல்ல ஹோட்டல்கள் எங்கே?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு லீவுக்கு மதுரையிலிருந்து மும்பை போகிறோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போய் இறங்கி ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். நான், கணவர், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், மாமியார். கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபன்டா தீவுக் குகைகள், மிருகக்காட்சிசாலை, மரைன் டிரைவ் என்று பார்க்க வேண்டியதெல்லாம் தேடி எடுத்துவிட்டேன், சாப்பாடுதான் பிடிபடவில்லை. இணையத்தில் தேடினால் கண்டிப்பாகச் சாப்பிட வேண்டிய இடங்கள் என்று நீளமாகப் பட்டியல் வருகிறதே தவிர, அதில் எந்த இடத்தில் நாலு வயசுப் பையனை உட்கார வைத்து ஊட்ட முடியும் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

எங்கள் நிலவரம் இதுதான். மாமியாருக்கு மூட்டுவலி, மாடிப்படி சிரமம், வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார். பையனுக்குத் தோசை, தயிர்சாதம், சப்பாத்தி, இவ்வளவுதான். காரம் நாக்கில் பட்டால் அந்த வேளைச் சாப்பாடு அத்தோடு முடிந்தது. சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் பசி என்று அழ ஆரம்பித்துவிடுவான். மகள் எதைக் கொடுத்தாலும் ருசி பார்ப்பாள். கணவருக்கு ஒரு வேளையாவது மீன் வேண்டும். இந்தி யாருக்கும் சரளமில்லை. தங்குவதற்குக் கொலாபா, ஃபோர்ட் பக்கம் எடுப்பதா, தாதர், மாதுங்கா பக்கம் எடுப்பதா என்பதும் முடிவாகவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாதுங்காவாசி:

வாங்க சகோதரி. நான் பிறந்து வளர்ந்தது மாதுங்காவில், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைச் சாப்பிட அழைத்துப் போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல்களை ஓரமாக வையுங்கள். சின்னப் பிள்ளைகளோடு வரும்போது ஹோட்டலின் பெயரைவிடக் கடிகாரம்தான் முக்கியம். மும்பையில் ராத்திரிச் சாப்பாடு லேட். நிறைய இடங்களில் மதியம் மூன்றரை நாலுக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி ஏழு ஏழரைக்குத்தான் பற்ற வைப்பார்கள், எட்டு மணிக்கு மேல்தான் கூட்டமே வரும். உங்கள் பையனுக்கு ஆறரைக்குப் பசி. இந்த இடைவெளியில்தான் வெளியூர்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றிக் களைத்துப் போய், பிள்ளை அழ, எந்தக் கதவும் திறந்திருக்காமல், கடைசியில் தள்ளுவண்டியில் எதையோ வாங்கிக் கொடுத்து ராத்திரி வயிற்றுவலி.

அந்த நேரத்தில் கைகொடுப்பவை உடுப்பி ஹோட்டல்கள். தென் மும்பையிலிருந்து போரிவலி வரை எந்த ஏரியாவுக்குப் போனாலும் ஒன்றிரண்டு கண்ணில் படும். பெரும்பாலானவை காலையில் திறந்தால் ராத்திரி வரை இடைவிடாமல் ஓடும். தோசை, இட்லி, தயிர்சாதம், பாவ் பாஜி, பூரி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தட்டு வந்துவிடும். பையனுக்குச் சாதாத் தோசை, மகளுக்குப் பாவ் பாஜி, மாமியாருக்கு இட்லி என்று ஆளுக்கொன்று சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உடுப்பி ஹோட்டல்கள் சில காலப்போக்கில் பார் ஆகிவிட்டன. பெயர்ப்பலகையில் ‘பார்’ என்றோ ‘பர்மிட் ரூம்’ என்றோ இருந்தால் சாயங்காலத்துக்கு மேல் பிள்ளைகளோடு போக வேண்டாம். ‘பியூர் வெஜ்’ என்று இருந்தால் தைரியமாக நுழையலாம், அங்கே முட்டைகூட இருக்காது.

மாதுங்காவில் நான் அழைத்துப் போவது இங்கெல்லாம்தான். கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ், 1940இல் தொடங்கியது. ராகி தோசை, ரச வடை, பொடி இட்லி. சனி ஞாயிறு காலையில் வாசலில் பெரிய கூட்டம் நிற்கும், ஆனால் பயப்பட வேண்டாம், ஒருவர் கையில் நோட்டு வைத்துக்கொண்டு பெயர் எழுதிக்கொள்வார். பெயரைக் கொடுத்துவிட்டு ஒருவர் மட்டும் வாசலில் நில்லுங்கள், மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் ரவுண்டானாவுக்கு நடுவே இருக்கிற மகேஷ்வரி உத்யான் பூங்காவுக்குப் போய்விடலாம். பெயர் கூப்பிடும்போது ஒரு போன். கூட்டமே வேண்டாம் என்றால் வார நாளில் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் போங்கள். மதியம் சிறிது நேரம் மூடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை, இதை மறந்துவிட வேண்டாம்.

மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் ராம் ஆஷ்ரய், 1939. அதிகாலையிலேயே திறந்துவிடும், அதனால் ரயிலில் வந்து இறங்கிய அன்று காலை டிபனுக்கு நல்ல இடம். அன்னாசி ஷீரா வாங்கிக் கொடுங்கள், நம் கேசரிதான், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும். அதே ஸ்டேஷனை ஒட்டி ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், 1942இலிருந்து இருக்கிறது. வாழை இலைச் சாப்பாடு, அருமையாக இருக்கும். ஆனால் மாடியில் இருக்கிறது, படி ஏற வேண்டும். உங்கள் மாமியாரை நினைத்தால் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தங்குவதற்கும் நான் தாதர், மாதுங்கா பக்கம்தான் சொல்வேன். ஊர் சுற்ற எங்கே வேண்டுமானாலும் போகலாம், காலையிலும் ராத்திரியிலும் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு நடக்கிற தூரத்தில் இருந்தால் பாதிக் கவலை போய்விடும்.

கொலாபாக்காரன்:

மாதுங்கா அண்ணன் சொன்னதில் கடிகார விஷயம் நூற்றுக்கு நூறு சரி. தங்குகிற இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நீங்கள் எழுதிய இடங்களில் கேட்வே, எலிஃபன்டா படகு, மரைன் டிரைவ், எல்லாமே தெற்கே இருக்கின்றன. தாதரில் தங்கினால் தினமும் காலையும் சாயங்காலமும் லோக்கல் ரயில் நெரிசலிலோ டாக்ஸியிலோ ஒரு மணி நேரம் போய்விடும். நாலு வயசுப் பையன் மதியம் தூங்க வேண்டும், பாட்டி காலை நீட்ட வேண்டும். ஃபோர்ட்டில் தங்கினால் மத்தியானம் ரூமுக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி கிளம்பலாம்.

இங்கேயும் குடும்பத்தோடு சாப்பிட இடம் இருக்கிறது. கொலாபாவில் கைலாஷ் பர்பத், சிந்திக்காரர்கள் நடத்துகிற சைவ ஹோட்டல், சோலே பட்டூரே உங்கள் மகளுக்குப் பிடிக்கும். ஃபோர்ட் சந்துகளில் உடுப்பி ஹோட்டல்கள் உண்டு, ஆனால் ஆபீஸ் கூட்டத்தை நம்பி நடப்பவை என்பதால் ஞாயிற்றுக்கிழமை சில மூடியிருக்கும். மெட்ரோ சினிமாவுக்கு எதிரே கயானி, 1904இல் தொடங்கிய இரானி கஃபே, அதாவது இரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய பழைய பாணி டீக்கடை. பன் மஸ்கா, டீ, மாவா கேக். காரமே இல்லாத சாப்பாடு வேண்டும் என்றால் இதைவிட என்ன இருக்கிறது, வெண்ணெய் தடவிய பன்னை வேண்டாம் என்று சொல்கிற குழந்தையை நான் பார்த்ததில்லை. முட்டை, கறி எல்லாம் அங்கே சமைப்பார்கள், மாமியாருக்கு அது ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா, 1923. பெர்ரி புலாவ் காரமில்லாதது, மேலே புளிப்பும் இனிப்புமாகச் சின்னச் சின்னப் பழங்கள் தூவியிருக்கும். மதியம் மட்டும்தான் சாப்பாடு, ராத்திரிக்குப் போய் நிற்காதீர்கள். கொலாபா காஸ்வேயில் லியோபோல்ட், 1871இலிருந்து இருக்கிற பிரபலமான இடம், எல்லாப் பட்டியலிலும் வரும். பீர் குடிக்க வருகிறவர்கள் கூட்டம், சத்தம். பிள்ளைகள் இல்லாமல் வரும்போது போய்க்கொள்ளலாம்.

செம்பூர் அம்மா:

நானும் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே எழுதிய இரண்டு பேரும் ருசியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் சொன்னார்கள், பாத்ரூமைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பழைய ஹோட்டல்களில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் குழந்தையை அழைத்துப் போகிற மாதிரி இருக்காது. குழந்தைக்கு உயர நாற்காலி, டயப்பர் மாற்ற இடம், ஸ்ட்ரோலர் நுழைகிற வாசல், எதுவும் கிடையாது.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது மாலில் சாப்பிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். லோயர் பரேல் ஃபீனிக்ஸில் ஃபுட் கோர்ட் உண்டு, லிஃப்ட் உண்டு, சுத்தமான கழிப்பறை உண்டு. ஆளுக்கொரு கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு ஒரே மேஜையில் உட்காரலாம். உங்கள் கணவர் மீனோ கோழியோ வாங்கினாலும் மாமியார் தட்டு வேறு கடையிலிருந்து வந்திருக்கும். மதியம் மூன்று மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் சாப்பாடு கிடைக்கும். ருசி சுமார்தான், விலையும் கூடத்தான். ஆனால் தாய்மார்களுக்கு அந்த ஒரு மணி நேரம் நிம்மதி.

மாதுங்காவாசி:

செம்பூர் அம்மா சொன்ன கழிப்பறை விஷயம் நியாயமானது, நான் எழுதியிருக்க வேண்டிய விஷயம். ஆனால் தினமும் ஒரு வேளை மால் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்பது வயசுப் பெண், எதைக் கொடுத்தாலும் ருசி பார்ப்பாள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மும்பையில் வந்து மதுரை மாலில் கிடைக்கிற அதே பீட்சாவும் நூடுல்ஸும் எதற்கு? டார்டியோவில் ஸ்வாதி ஸ்நாக்ஸ் இருக்கிறது, 1963இலிருந்து. அங்கே பான்கி என்று ஒன்று. அரிசி மாவை வாழை இலைக்குள் மெல்லிசாகத் தடவி, மேலே இன்னொரு இலையை மூடி, கல்லில் போட்டு எடுப்பார்கள். இலை அங்கங்கே கருகிய நிலையில் அப்படியே தட்டில் வரும். மேல் இலையை மெதுவாக உரித்தால் உள்ளே காகிதம் போல மெல்லிய ஆடை, இலை நரம்பின் கோடுகள் அதில் பதிந்திருக்கும். பெரியவர்களே அதை உரிக்கும்போது சிரித்துவிடுவார்கள். காரமும் கிடையாது, உங்கள் பையன்கூடச் சாப்பிடலாம். முன்பதிவு எடுப்பதில்லை, நெரிசல் நேரத்தில் வெளியே காத்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன்னால் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள்.

மாலுக்குப் போவதை எலிஃபன்டா போய்த் திரும்பிய நாளுக்கோ, எல்லாரும் சோர்ந்து போன நாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அது சரியான இடம்.

செம்பூர் அம்மா:

மாதுங்கா அண்ணா, ஐந்து நாளும் என்பது கொஞ்சம் அதிகம்தான், சரி. ஆனால் இரண்டு நாளாவது வையுங்கள் என்பதில் மாறமாட்டேன். அப்புறம் வைகைக்கரை, உங்கள் பையனுக்காக ஒரு விஷயம். மும்பையில் எந்த ஏரியாவுக்குப் போனாலும் நிறைய சைவ ஹோட்டல்களில் தால் கிச்சடி என்று ஒன்று மெனுவில் இருக்கும். நம் பருப்புச் சாதம் போலத்தான், குழைவாக இருக்கும். தாளிப்பில் மிளகாய் போடுவார்கள், அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே ‘பச்சே கே லியே, பில்குல் தீக்கா நஹீ’ (குழந்தைக்கு, காரமே வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு கிண்ணம் தயிர். என் சின்னவன் இரண்டு வயதிலிருந்து வெளியே போனால் இதில்தான் வளர்கிறான். குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் ‘கரம் பானி’ என்று கேளுங்கள், உடுப்பி ஹோட்டல்களில் கேட்ட உடனே கொடுப்பார்கள்.

தண்ணீர் பற்றியும். உட்கார்ந்ததும் சர்வர் முதலில் கேட்பது பிஸ்லெரியா சாதாவா என்பதுதான். ஊருக்குப் புதிய வயிறு, பிள்ளைகளுக்குப் பாட்டில் தண்ணீரே கொடுங்கள், மூடியின் சீல் உங்கள் கண் முன்னால் உடைபடட்டும். தெருவில் பானி பூரி, பெரிய ஐஸ் கட்டியை உடைத்துப் போடுகிற ஜூஸ், துருவிய ஐஸில் சிரப் ஊற்றித் தருகிற ஐஸ் கோலா, எதுவும் சின்னவனுக்கு வேண்டவே வேண்டாம்.

வைகைக்கரை:

எவ்வளவு விவரம்! எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன், பான்கி என்றதும் அவருக்கே ஆசை வந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். வெங்காயம் பூண்டு இல்லாமல் என்று சர்வரிடம் எப்படிப் புரிய வைப்பது? ஒவ்வொரு பதார்த்தமாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? இன்னொன்று, குஜராத்தி தாலி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எங்களுக்குச் சரிவருமா?

கல்பாதேவி நண்பன்:

முதல் கேள்விக்கு ஒரே சொல் போதும். ‘ஜெயின்’ என்று சொல்லுங்கள். மும்பையில் ஜெயின் குடும்பங்கள் நிறைய இருப்பதால் சைவ ஹோட்டல்களில் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஜெயின் முறையில் செய்து தருவார்கள், மெனு கார்டிலேயே போட்டிருப்பார்கள். வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கு, கேரட் மாதிரி மண்ணுக்கடியில் விளைவது எதுவும் அதில் இருக்காது. ஜெயின் பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போடுவார்கள், நன்றாகவே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. சாம்பாரைக் காலையிலேயே அண்டாவில் வைத்துவிடுகிறார்கள், அதை உங்களுக்காக மாற்றித் தர முடியாது. அதனால் இட்லி தோசை சாப்பிட்டாலும் சாம்பாரில் வெங்காயம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள், உண்டு என்றால் சட்னியோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குஜராத்தி தாலிக்கு எங்கள் ஏரியாவில் ஸ்ரீ தாக்கர் போஜனாலய், 1945இலிருந்து நடக்கிறது. தட்டைச் சுற்றிக் கிண்ணங்கள், ஆள் மாற்றி ஆள் வந்து பரிமாறிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்று கையால் மறித்தால்தான் நிறுத்துவார்கள். பருப்பிலும் காய்களிலும் லேசாக வெல்ல இனிப்பு இருக்கும், குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளும். நெய் தடவிய சின்னச் சின்ன சுடு ரொட்டியை உங்கள் பையன் கையிலேயே வைத்துத் தின்பான். ஆனால் இதுவும் மாடியில்தான். சந்தும் குறுகல், டாக்ஸி வாசல் வரை வராது. மூட்டுவலி இருப்பவரை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். தரைத்தளத்தில் இருக்கிற தாலி ஹோட்டலாகவோ, லிஃப்ட் உள்ள மாலில் இருக்கிற தாலி ஹோட்டலாகவோ பாருங்கள், எங்கே போனாலும் முதல் நாளே போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: படி எத்தனை, குழந்தைக்கு எவ்வளவு. அளவில்லாத் தாலியில் ஒரு தட்டை இருவர் பகிர விடமாட்டார்கள், குழந்தைக்குத் தனி ரேட் வைத்திருக்கும் இடமும் உண்டு, முழு ரேட் வாங்குகிற இடமும் உண்டு. நாலு வயசுப் பையன் அரை ரொட்டி தின்றதற்கு முழுத் தாலி பில் வந்தால் மனசு கஷ்டப்படும்.

ஓசூர் அப்பா:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்களும் பொங்கல் லீவில் மும்பை போகிறோம். என் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, லேசானது இல்லை, உதடு வீங்கி மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். மகாராஷ்டிரச் சாப்பாட்டில் கடலை நிறைய என்று கேள்விப்பட்டேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

செம்பூர் அம்மா:

ஓசூர் அப்பா, நல்லவேளை கேட்டீர்கள், இதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. என் அக்கா மகனுக்கும் இதே பிரச்சினை என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற கடலையைவிடத் தெரியாத கடலைதான் ஆபத்து. சாபுதானா கிச்சடி, சாபுதானா வடை இரண்டிலும் வறுத்துப் பொடித்த கடலை கட்டாயம் இருக்கும், ஜவ்வரிசிதானே என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். போஹா என்கிற அவல் உப்புமாவில் முழுக் கடலை. வடா பாவில் வடைக்குள் பிரச்சினை இல்லாவிட்டாலும் பன்னில் தடவுகிற சிவப்புப் பூண்டுப் பொடியில் கடலை சேர்ப்பது சகஜம். மிசல் என்கிற பயறுக் குழம்புக்கு மேல் தூவுகிற மிக்ஸ்சர், பேல் பூரி, விரத நாள் பலகாரங்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. குஜராத்தி தாலியை எல்லாரும் குழந்தைகளுக்கு ஏற்றது என்கிறார்கள், உங்கள் மகளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர்கள் பருப்பிலேயே கடலையை வேகவைத்துப் போடுவார்கள், டிசம்பர் ஜனவரியில் செய்கிற உந்தியு என்கிற காய்கறிக் கூட்டின் மசாலாவிலும் இருக்கும். அவசரமாகப் பரிமாறுகிறவரிடம் எட்டுக் கிண்ணத்தையும் விசாரிக்க முடியாது. எண்ணெயும் கடலை எண்ணெயாக இருக்கலாம், அதையும் கேட்க வேண்டும்.

இந்தியில் மூங்ஃபலி, மராத்தியில் ஷேங்க்தாணா, குஜராத்தியில் சிங். மூன்றையும் ஒரு அட்டையில் தேவநாகரி எழுத்தில் பெரிதாக எழுதி, சாப்பிட்டால் மூச்சு நிற்கும் என்று கூடவே எழுதி, சர்வரிடம் காட்டாமல் கல்லாவில் இருப்பவரிடம் காட்டுங்கள். அவர்தான் சமையலறையில் போய்க் கேட்டு வருவார். உடுப்பி ஹோட்டலில் இட்லி, தோசை பரவாயில்லை, ஆனால் சட்னியில் தேங்காயோடு கடலை அரைக்கிற இடமும் உண்டு, கேட்காமல் தொடவேண்டாம். தயிர்சாதம், தால் கிச்சடி, இரானி கஃபேயில் பன் மஸ்கா, இவை ஓரளவு பாதுகாப்பு. டாக்டர் கொடுத்த அவசர மருந்து ரூமில் பெட்டிக்குள் இருக்கக்கூடாது, உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும்.

ஓசூர் அப்பா:

மிக்க நன்றி சகோதரி. அட்டை யோசனையை இன்றே செய்துவிடுகிறேன். கல்லாவில் காட்டவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே தோன்றியிருக்காது.

தூண்டில்:

மீன் கேட்டவரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். வைகைக்கரை, ஃபோர்ட்டில் மகேஷ் லஞ்ச் ஹோம், மங்களூர்ச் சமையல். ஜூன், ஜூலை மீன்பிடித் தடை முடிந்து பல மாதம் ஆகியிருக்கும், டிசம்பரில் மீன் நன்றாகவே இருக்கும். உங்கள் மகளுக்கு சுர்மாய் ரவா ஃப்ரை சொல்லுங்கள், நம் வஞ்சிரம்தான், வட்டத் துண்டாக நடுமுள்ளோடு வரும், பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுப்பது சுலபம். பாங்க்டா (கானாங்கெளுத்தி) வேண்டாம், ருசி அதிகம், முள்ளும் அதிகம். கொங்கண் கடற்கரைச் சமையல் செய்கிற மால்வணி ஹோட்டல்களில் குழம்பு கடுங்காரம், கூடவே வருகிற சோல்கடி தேங்காய்ப் பாலும் கோகம் என்கிற புளிப்புப் பழமும் சேர்ந்த பானம், வாயை ஆற்றும்.

ஆனால் மாமியாரை மீன் வாடைக்குள் உட்கார வைப்பதா என்பதுதான் உங்கள் வீட்டுப் பிரச்சினையாக இருக்கும். நான் சொல்வது, ஒரு மதியம் குடும்பம் இரண்டாகப் பிரியட்டும். கணவரும் மகளும் மீனுக்குப் போகட்டும், நீங்கள் மூவரும் பக்கத்தில் ஒரு உடுப்பிக்குப் போய்விட்டு ரூமில் படுத்து எழுந்திருங்கள். ஐந்து நாளும் ஐந்து பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கொலாபாக்காரன்:

பில் பற்றி ஒரு வார்த்தை. ஹோட்டல் பில்லில் பொதுவாக ஐந்து சதவீத ஜிஎஸ்டி இருக்கும், அது கட்ட வேண்டியது. அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று பத்து சதவீதம் போட்டிருந்தால் அது வாடிக்கையாளர் விருப்பம்தான். தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் விதி போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்று சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். போன மாதம் அந்தேரிப் பக்கம் ஒரு ஹோட்டலில் முடியவே முடியாது என்று எங்களிடம் அரை மணி நேரம் பேசினார்கள், விதியைச் சொன்ன பிறகுதான் பில்லை மாற்றினார்கள். மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள். அந்தப் பணத்தைப் பரிமாறியவர் கையிலேயே கொடுத்தால் எனக்குச் சந்தோஷம்.

வைகைக்கரை:

வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். மாதுங்கா அண்ணன் மன்னிக்கவும், மதியத் தூக்கத்துக்காக ஃபோர்ட்டில்தான் ரூம். வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் தாதரிலிருந்து நேராக மாதுங்கா, ராம் ஆஷ்ரயில் டிபன். சனிக்கிழமை மிருகக்காட்சிசாலை, மதியம் டார்டியோவில் பான்கி. ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம், மதியம் இவர் மகளோடு மீனுக்கு. திங்கட்கிழமை எலிஃபன்டா, திரும்பி வந்து சாயங்காலம் கஃபே மெட்ராஸ். செவ்வாய்க்கிழமை ஷாப்பிங், மால். அன்று ராத்திரி ரயில். சரியா இருக்கிறதா?

மாதுங்காவாசி:

மன்னிப்பெல்லாம் எதற்கு, மதியத் தூக்கம் நியாயமான காரணம்.

திங்கட்கிழமையை மட்டும் மாற்றுங்கள். எலிஃபன்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, கஃபே மெட்ராஸும் அன்று கிடையாது, இரண்டும் ஒரே நாளில் அடிபடும். எலிஃபன்டாவைச் சனிக்கிழமைக்குக் கொண்டு வாருங்கள், மிருகக்காட்சிசாலையைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புதன்தான் விடுமுறை. பைகுலாவில் பெங்குவின் பார்த்துவிட்டு அங்கிருந்து டார்டியோ டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான், பான்கி அன்றைக்கே ஆகட்டும். எலிஃபன்டாவுக்குப் படகு ஒரு மணி நேரம், குகைக்கு நீளமாகப் படிக்கட்டு, மாமியாருக்கு அது முடியுமா என்று யோசியுங்கள், டோலி வைத்துத் தூக்குகிறவர்கள் இருப்பார்கள். குரங்குகள் கையில் இருக்கிற தின்பண்டத்தைப் பிடுங்கும், பையன் கையில் பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கொலாபாவில் சாப்பிடுவதுதான் நல்லது.

கஃபே மெட்ராஸை ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஆட்டோ சயான், பாந்த்ராவுக்குத் தெற்கே ஓடாது, டாக்ஸிதான், மீட்டர் போடுவார்கள். இல்லையென்றால் ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை போகிற மெட்ரோ 2025 அக்டோபரில் முழுசாகத் திறந்துவிட்டது. லிஃப்ட், ஏசி, நெரிசல் இல்லை. பாட்டியோடும் பிள்ளையோடும் லோக்கல் ரயிலில் ஏறுவதைவிட அதில் போவது எவ்வளவோ மேல். ஃபோர்ட்டில் ஏறி தாதரில் இறங்கி அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் கிங்ஸ் சர்க்கிள் பக்கம்தான்.

வைகைக்கரை:

திங்கட்கிழமையைப் பார்த்துச் சொன்னதற்குக் கோடி நன்றி அண்ணா. மாற்றிவிட்டோம். கடைசியாக ஒன்று. திரும்பி வருவது சாளுக்கியா எக்ஸ்பிரஸ், தாதரில் ராத்திரி ஏறினால் இரண்டு ராத்திரி ரயிலில்தான். வழியில் சாப்பாட்டை நம்ப முடியவில்லை. என்ன கட்டிக்கொள்வது?

கல்பாதேவி நண்பன்:

தேப்லா வாங்கிக்கொள்ளுங்கள். வெந்தயக் கீரை, தயிர் போட்டுப் பிசைந்து சுட்ட மெல்லிய ரொட்டி, இரண்டு மூன்று நாள் கெடாது, ஆறினாலும் வறண்டுவிடாது. குஜராத்திகள் ரயிலேறினால் பையில் அது இல்லாமல் ஏற மாட்டார்கள். தாதரிலும் மாதுங்காவிலும் பலகாரக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும். மாமியாருக்காகப் பூண்டு போடாததா என்று கேட்டு வாங்குங்கள், காரம் குறைவானதாகப் பார்த்தால் பையனும் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிடுவான். முதல் ராத்திரிக்கு மட்டும் மாதுங்காவில் தயிர்சாதம் பார்சல் எடுங்கள், மறுநாள் மதியம் வரை அதை வைத்திருக்க வேண்டாம்.

மாதுங்காவாசி:

பார்சலை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் வந்தால் எட்டு மணிக் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள். எங்கே வாங்குவது என்று தெரியாவிட்டால் தனிச்செய்தி போடுங்கள், அன்றைக்கு வீட்டில் இருந்தால் நானே ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து தருகிறேன்.